குதிரைக்கும் அளவெடுங்க பாஸ்!

இடுப்பை இறுக்குற ஜீன்ஸைப் போட்டுக்கிட்டு மூணு மணி நேரம் எக்ஸாம் எழுதியிருக்கீங்களா? சேணம் சுமக்கும் குதிரையின் பாடும் அதேதான். என்ன, அதால வாய்விட்டுச் சொல்ல முடியாது. காதைப் பின்னால மடக்கும். பட்டையை இழுத்தா கடிக்க வரும். நாமளோ, 'திமிர் பிடிச்ச குதிரை'ன்னு முடிவு கட்டிடுவோம்!

என்.சி.சி.யின் குதிரைப் பிரிவான ஆர் அண்ட் வி-யில் இருக்கீங்களா? அப்போ 'கர்த்' எனப்படும் வயிற்றுப்பட்டையை முதலில் கவனிங்க.

அளவு: சேணத்தை வைத்து, ஒரு பக்க வாரின் நடு ஓட்டையிலிருந்து வயிற்றுக்கு அடியில் மறுபக்க நடு ஓட்டை வரை டேப் பிடியுங்கள். பக்கிள் முழங்கையில் இடிக்கவே கூடாது.

உடல்வாகு: பட்டை போய் உட்காரும் இடம், முழங்கைக்குப் பின்னால் நெஞ்சு ஒடுங்கும் பள்ளம். சில குதிரைகளுக்கு அந்தப் பள்ளம் முழங்கையை ஒட்டியே இருக்கும். நேர்ப்பட்டை கட்டினால் சேணம் தோளுக்கு நகரும். தோலும் உராய்ந்து புண்ணாகும். முழங்கைக்கு இடம்விட்டு, வளைத்து வெட்டிய பட்டைதான் அதுக்கு லாயக்கு.

எலாஸ்டிக்: ஒரு முனையில் மட்டும் இருந்தால் இழுவை சமமாக இருக்காது. ரெண்டு முனையிலும் இருக்கட்டும்.

ஒரே மூச்சில் இறுக்காதீங்க. ரெண்டு மூணு தவணையா இறுக்குங்க. பிறகு முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னால் இழுத்து விட்டால், பட்டைக்கு அடியில் தோல் மடிப்பு விலகும். லூஸா விட்டா? சேணம் உருளும், கூடவே நீங்களும்!

சவாரி முடிஞ்சதும் பட்டை இருந்த இடத்தைத் தடவிப் பாருங்க. முடி உதிர்ந்தோ, சூடா வீங்கியோ இருந்தா, குதிரை உங்களுக்குப் புகார் மனு எழுதியிருக்குன்னு அர்த்தம்!