கொலுவில் ஏறிய திண்ணை வீடு

கொலு வைக்கிற தோழிகளுக்கு ஒரு தகவல். படிக்குக் கீழே பார்க், கோயில், கிராமம் என்று செட் போட தெர்மோகோலும் கல்யாணப் பத்திரிகை அட்டையும்தான் கதி என்று நினைக்க வேண்டாம். நமக்கு வேண்டிய அளவில் சின்னச் சின்னப் பலகைத் துண்டுகளை லேசரில் வெட்டி வாங்கிக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் கோடு வரைந்து கொடுத்தால், அந்தக் கோட்டின் மேலேயே ஒளிக்கதிர் ஓடி, பலகையை எரித்து அறுத்து விடுகிறது. விரல் நகம் அளவு ஜன்னல்கூட பிசிறில்லாமல் வருகிறது.

2023 நவராத்திரிக்கு நான் இப்படி ஒரு திண்ணை வீடு செய்தேன். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் இருந்த எங்கள் பிறந்த வீடு அது. அப்பா போன பிறகு 2017-ல் விற்று விட்டோம். வாங்கியவர் இடித்து விட்டு மாடி வீடு கட்டிக்கொண்டார். அவர் காசு, அவர் இடம், குறை சொல்ல முடியாது. ஆனால் என்னோடு திருச்சியில் இருக்கும் அம்மா, அதற்கப்புறம் ஊர்ப் பேச்சை எடுப்பதையே விட்டு விட்டாள். அந்த வீட்டை கொலுவிலாவது வைக்கலாமே என்று தோன்றியது.

இடித்த வீட்டுக்கு அளவு எங்கே போவது? அக்கா கல்யாணத்தில் எடுத்த போட்டோ ஒன்று கைகொடுத்தது. அப்பா திண்ணைத் தூணை ஒட்டி நிற்கிறார். அப்பா ஐந்தரை அடி. போட்டோவில் அவரை ஸ்கேலால் அளந்தேன், ஐந்தரை சென்டிமீட்டர்! ஆக ஒரு சென்டிமீட்டர் ஒரு அடி. தூண் 7 சென்டிமீட்டர், அதாவது 7 அடி. (பத்தாவது கணக்கு டீச்சர் இதைப் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.) வாசல் நிலை சற்று உள்ளே தள்ளி இருப்பதால் போட்டோவில் சிறுத்துத் தெரியும், இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. அம்மாவிடம் கேட்டேன். "உங்க அப்பா குனிஞ்சுதான் உள்ளே வருவார், எனக்குத் தலை இடிக்காது" என்றாள். 5 அடி என்று வைத்துக்கொண்டேன்.

பொம்மை வீடு செய்பவர்கள் ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று வைப்பார்கள். அப்படிப் போனால் எங்கள் வீட்டு முகப்பு 18 அங்குலம் வரும், படியில் நிற்காது. அதனால் 2 அடிக்கு ஒரு அங்குலம் என்று வைத்தேன். முகப்பு 9 அங்குலம், தூண் மூன்றரை, நிலை இரண்டரை. கிராஃப் பேப்பரில் எல்லாவற்றையும் வரைந்தேன்.

முதலில் தெரிந்த ஆசாரியிடம்தான் காட்டினேன். "இவ்வளவு பொடிசுக்கு உளி நிக்காதும்மா, லேசர் கடைக்குப் போங்க" என்று அவரே சொன்னார். நேம் போர்டு, ஷீல்டு, பிறந்த நாள் கேக்கில் குத்தும் பெயர் இதெல்லாம் செய்கிற கடைகளில் இந்த மிஷின் இருக்கிறது. நான் போன முதல் கடையில், "பத்து பீஸுக்குக் குறைஞ்சா எடுக்கிறதில்லை" என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த தெருக் கடையில் இருந்த பையன், "கொடுங்கக்கா, சாயந்திரம் பண்ணிடலாம்" என்று வாங்கிக்கொண்டான்.

அந்தப் பையனிடம் கற்றுக்கொண்டது நிறைய. வீட்டு வேலைக்கு எம்.டி.எஃப். பலகைதான் நல்லது. மர இழைகளைப் பசை போட்டு அழுத்திச் செய்ததால் எல்லா இடமும் ஒரே மாதிரி அறுபடும். பிளைவுட்டில் உள்ளே பசை திட்டுத் திட்டாக இருந்தால் அங்கங்கே அறுபடாமல் நின்று விடும். பி.வி.சி. ஷீட்டைக் கொண்டு போகவே போகாதீர்கள். லேசர் பட்டால் அதிலிருந்து விஷப்புகை வரும், மிஷினும் பாழாகும்.

அடுத்தது, எதையும் அப்படியே சுருக்கிவிட முடியாது. எங்கள் ஜன்னலில் அரை அங்குலக் கம்பி ஒன்பது இருக்கும். 24-ல் ஒரு பங்காக்கினால் கம்பி அரை மில்லிமீட்டர்தான், கருகி உதிர்ந்து விடும். "ரெண்டு மில்லியாவது வேணும்கா" என்றான். ஒன்பதுக்குப் பதில் ஐந்து கம்பி வைத்தோம். பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

ஒன்றில் ஒன்று செருகும் காடி வெட்டும்போது ரொம்ப கவனம் வேண்டும். 3 மில்லி என்று விற்கும் பலகை சரியாக 3 மில்லி இருப்பதில்லை. போதாததற்கு லேசரும் ஒரு மயிரிழை அகலத்தை எரித்து விடும். அதனால் முதலில் கழிவுத் துண்டு ஒன்றில் 2.6, 2.7, 2.8 என்று சீப்பு மாதிரி காடிகள் வெட்டி, எதில் பலகை இறுக்கமாக உட்காருகிறது என்று பார்த்துக்கொண்டோம். இன்னொன்று, படத்தை முழு அளவில் பேப்பரில் பிரின்ட் எடுத்து, கத்தரித்து, ஒட்டிப் பார்த்து விட்டுப் பலகையில் வெட்டச் சொல்லுங்கள். பேப்பருக்கு ஆகும் செலவு பத்து, இருபது ரூபாய்தான். எனக்கு வரைகூலி, வெட்டுக்கூலி, பலகை எல்லாம் சேர்த்து 650 ரூபாய் ஆனது. இது கடைக்குக் கடை மாறும். "இதுக்கு ஒரு நல்ல பொம்மையே வாங்கலாமே" என்று என்னவர் முணுமுணுத்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உருண்டைத் தூண் லேசரில் வராது, தட்டையாக மட்டும்தான் வெட்டும். அதைப் பழைய ஆசாரிதான் கடைசல் பிடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, சுண்டல் கொடுத்து அனுப்பு என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு நாள் காற்றாட வையுங்கள், புகை வாசனை போகும். ஓரக் கருப்பை உப்புத்தாளால் தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. எம்.டி.எஃப். தண்ணீர் பட்டால் உப்பி விடும். அதனால் முதலில் மெலிதாக பிரைமர் அடித்து, காய்ந்த பிறகுதான் பெயின்ட். ஒட்டுவதற்கு ஃபெவிகால் போதும். கொலுவில் அகல் விளக்கைப் பக்கத்தில் வைக்காதீர்கள், சீரியல் பல்பு போதும்.

திண்ணை ஓரத்தில் தலை வைக்கச் சாய்வாக ஒரு மேடு இருக்குமே, அதை நான்கு துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டித் தேய்த்துச் செய்தேன். மஞ்சள் பெயின்ட் காய்ந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மாடப்பிறையைப் பார்த்தாள், நிலையைப் பார்த்தாள். அந்த மேட்டை ஒரு விரலால் தடவி, "உங்க அப்பா தலை வச்ச இடம், எண்ணெய்க் கறை போட்டிருக்கணும்டி" என்றாள். நானும் அங்கே ஒரு சொட்டு பழுப்பு வைத்தேன். அந்த ஒன்பது நாளும் தாம்பூலம் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அம்மாதான் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். யார் எங்கே படுப்பார்கள், எந்த மழைக்கு எந்தப் பக்கம் ஒழுகும் என்பது வரைக்கும் சொன்னாள். எதிர் வீட்டு மாமி, தன் பிறந்த வீட்டையும் செய்து தரச் சொல்லி 1,500 ரூபாய் கொடுத்தார்கள். அது பள்ளி வேன் கட்டணத்துக்கு உதவியது.

வெட்டின படத்தைக் கடையிலிருந்து பென் டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு உடைந்தால் அதை மட்டும் திரும்ப வெட்டிக்கொள்ளலாம். கொல்லைப்புறமும் கிணற்றடியும் இன்னும் பாக்கி. துவைக்கிற கல் கிணற்றுக்கு எந்தப் பக்கம் என்று அம்மாவும் அக்காவும் போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

- ஒரு வாசகி, திருச்சி