எடை மேடையில் ஏறிய குதிரைகள்

அமெரிக்க மசில் கார்கள் – 7

பழைய மசில் கார் என்றதும் மனத்தில் வந்து நிற்பது ஓர் இரும்பு யானை. நீண்ட மூக்கு, அகன்ற உடம்பு, லாரிக் கதவைப் போல அடித்துச் சாத்த வேண்டிய கதவுகள். எப்படியும் இரண்டு டன் இருக்கும் என்று பார்த்தவர்கள் சொல்லிவிடுவார்கள். எடை மேடை வேறு கணக்குச் சொல்கிறது.

இந்தத் தலைமுறையைத் தொடங்கிவைத்த 1964 பாண்டியாக் ஜிடிஓவை எடுத்துக்கொள்வோம். நடுத்தர உடலில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக்கூடாது என்பது பாண்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் விதி. பாண்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவரது சகாக்களும் 389 கன அங்குல எஞ்சினை ‘கூடுதல் வசதி’ என்ற பெயரில் உள்ளே நுழைத்தார்கள். அந்த வண்டியின் எடை சுமார் 1,550 கிலோ. அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு அறிமுகப்படுத்திய முஸ்டாங், ஆறு சிலிண்டர் எஞ்சினோடு 1,200 கிலோவைக்கூடத் தொடவில்லை. இன்றைய முஸ்டாங் ஜிடி 1,700 கிலோவுக்கு மேல்!

பிறகு ஏன் பழைய வண்டி யானையாகத் தெரிகிறது? மொத்த எடையைவிட அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் காரணம். வார்ப்பிரும்பில் செய்த பெரிய வி8 எஞ்சின் முன்சக்கரங்களின் மேல் அமர்ந்திருக்கும். கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சின் மட்டுமே 350 கிலோவுக்கு மேல். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியை நிறுத்துமிடத்தில் திருப்பத் தோள்வலு வேண்டும். பிரேக்கோ பெரும்பாலும் டிரம் பிரேக். வேகத்தில் இரண்டு மூன்று முறை அழுத்தினால் சூடேறிப் பிடிப்புக் குறையும். டயர்கள் குறுகல். அப்படிப்பட்ட வண்டியை ஓட்டியவர் அதன் எடையைக் கூட்டிச் சொன்னதில் வியப்பில்லை.

குழப்பத்தை வளர்த்த இன்னொன்று, புத்தகத்தில் அச்சான எண். ‘ஷிப்பிங் வெயிட்’ என்பது பெட்ரோல் நிரப்பாமல், கூடுதல் வசதிகள் எதையும் சேர்க்காமல் குறித்த எடை. ‘கர்ப் வெயிட்’ என்பது டேங்கை நிரப்பி, ஆயில், தண்ணீர் எல்லாம் ஊற்றிச் சாலைக்குத் தயாராக நிற்கும் வண்டியின் எடை. 75 லிட்டர் பெட்ரோலே 55 கிலோ வரும். அதற்கு மேல் ஏசி, பவர் ஸ்டியரிங், பெரிய எஞ்சின், அதைத் தாங்கும் தடித்த பின் அச்சு என்று ஒவ்வொன்றாக ஏறும். செவர்லேயின் 1970 செவல் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு 1,500 கிலோவுக்குள் அடங்கும். அதே பெயர் கொண்ட எஸ்எஸ் 454 வண்டியோ 1,750 கிலோவைத் தாண்டும். ஆகவே ‘செவல் எவ்வளவு எடை?’ என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது.

எடையின் அருமையை உண்மையில் அறிந்தவர்கள் கால் மைல் டிராக் ரேஸ்காரர்கள். அவர்களுக்காக கம்பெனிகளே செய்துகொடுத்த வேலைகளைப் படித்தால் மலைப்பாக இருக்கிறது. 1963-ல் பாண்டியாக், கேட்டலினா வண்டியின் சேஸிஸில் வரிசையாக ஓட்டை போட்டு இரும்பைக் குறைத்தது. பார்ப்பதற்கு ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டி மாதிரி இருந்ததால் ‘சுவிஸ் சீஸ்’ என்றே பெயர் நிலைத்தது. செய்தது 14 வண்டிகள்தான்.

டாட்ஜின் 1968 ஹெமி டார்ட் அதற்கும் ஒரு படி மேலே போனது. பானட்டும் முன் ஃபெண்டர்களும் ஃபைபர் கிளாஸ். கதவுத் தகட்டை அமிலத்தில் முக்கி மெலிதாக்கினார்கள். கண்ணாடி மெல்லியது, அதை ஏற்றி இறக்கக் கைப்பிடி இல்லை, ஒரு பட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். பின் சீட், ரேடியோ, ஹீட்டர் எதுவும் கிடையாது. பேட்டரி டிக்கிக்குப் போனது. அது வெறும் இடமாற்றம் இல்லை: பின்சக்கரத்தின் மேல் எடை விழுந்தால்தான் புறப்படும்போது டயர் வழுக்காமல் தரையைப் பிடிக்கும். அத்தனையும் செய்த பிறகு வண்டி ஏறக்குறைய 1,360 கிலோவுக்கு வந்தது. பொதுச்சாலையில் ஓட்டுவதற்கு அல்ல என்ற எச்சரிக்கையை ஒட்டித்தான் விற்றார்கள்.

செவர்லே வேறு வழியில் போனது. 1969 கமாரோ ஸீஎல்1-ல் 427 கன அங்குல எஞ்சினை முழுக்க அலுமினியத்தில் வார்த்தார்கள். பெரிய எஞ்சின், ஆனால் சின்ன இரும்பு எஞ்சினின் எடைதான். விலை? எஞ்சினுக்கு மட்டும் 4,160 டாலர். ஒரு சாதாரண கமாரோவின் விலையைவிட அதிகம். 69 வண்டிகளோடு கதை முடிந்தது. பொறியியலாகப் பார்த்தால் அந்தக் காலத்தின் மிக நேர்மையான விடை இதுதான்: எடை எங்கே அதிகமோ அங்கேயே கைவைத்தார்கள்.

கேலன்டர் பக்கம் புரளப் புரள எல்லாமே பருத்தன. 429 கன அங்குல எஞ்சினுக்கு இடம் வேண்டும் என்று 1971-ல் முஸ்டாங்கை அகலமாக்கினார்கள்; அந்த எஞ்சினோடு அது 1,700 கிலோவைத் தொட்டது. விபத்தில் உயிர் காக்கும் கம்பிகள், ஏர்பேக்குகள், அகலமான சக்கரங்கள் என்று பிற்காலத்தில் ஏறிய எடையில் நியாயமும் உண்டு. 2015 டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் 2,018 கிலோ. 2024-ல் பேட்டரியில் ஓடும் மின்வண்டியாக வந்த டாட்ஜ் சார்ஜர் டேட்டோனா 2,648 கிலோ. யானை என்று பெயர் வாங்கிய அந்த முதல் ஜிடிஓவைவிட இது ஒரு டன்னுக்கு மேல் கூடுதல்.

(தொடரும்)