கோவளம் போனோம்... திரும்பி வந்தோம்!

"இந்த லீவுக்காவது கடலுக்குக் கூட்டிட்டுப் போம்மா!"

கோடை விடுமுறை ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் இந்தப் பல்லவிதான். திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு தண்ணீருக்கா பஞ்சம்? ஆனால் பிள்ளைகள் கேட்டால்தானே! 2023 மே மாதம், "சரி, கோவளத்துக்கு ரெண்டு நாள் போய்ட்டு வந்துடுவோம்" என்று என்னவர் ஒருவழியாகத் தலையை ஆட்டினார்.

விஷயம் தெரிந்ததும் என் நாத்தனார் போன் பண்ணினாள். "அண்ணி, கோபியும் வரேன்னு அடம் பிடிக்கறான். எனக்கும் அவருக்கும் லீவு கிடைக்காது. உங்களை நம்பித்தான் அனுப்பறேன்" என்றாள். அவளுக்கு ஒரே பையன். ஒன்பது வயது. "இதென்ன பேச்சு! நம்ம வீட்டுப் பிள்ளைங்களோட பிள்ளையா வரட்டும்" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையின் கனம் அப்போது தெரியவில்லை.

புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு காலை ரயிலில் கிளம்பினோம். ஆரல்வாய்மொழி தாண்டும்போது காற்றாலைகளை எண்ணுவதில் பிள்ளைகளுக்குள் போட்டி. நாகர்கோவிலுக்கு அப்பால் ஜன்னலுக்கு வெளியே எங்கு பார்த்தாலும் பச்சை! திருவனந்தபுரத்தில் இறங்கி, முதலில் பத்மநாப ஸ்வாமியை தரிசனம் செய்தோம். அங்கே ஆண்கள் சட்டையில்லாமல் வேஷ்டியுடன்தான் போக வேண்டும். பையன்களுக்கும் சின்ன வேஷ்டி எடுத்துப் போயிருந்ததால் வாசலில் வாடகைக்கு அலையாமல் தப்பித்தோம். கோயிலுக்குப் பக்கத்திலேயே கிழக்கே கோட்டையில் கோவளம் பஸ். சுமார் 15 கிலோமீட்டர்தான்.

கண்ணுக்கு விருந்து

கோவளம் என்பது ஒரே கடற்கரை இல்லை. பிறை நிலா மாதிரி வளைந்த கடற்கரைகள் வரிசையாக இருக்கின்றன; நடுநடுவே பாறைகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. தெற்குக் கோடியில் பாறைமேல் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட விழிஞம் கலங்கரை விளக்கம். 1972-ல் கட்டியது. மேலே ஏறிப் பார்த்தால் தென்னந்தோப்பும் கடலும் ஒன்றுக்கொன்று கரை கட்டினாற்போல இருக்கிறது. மணலில் அங்கங்கே கறுப்புத் திட்டுகள். "யாரோ கரியைக் கொட்டியிருக்காங்கம்மா" என்றாள் என் மகள். கரியில்லை, இல்மனைட் என்ற தாதுமணல் கலந்திருப்பதால் வரும் நிறம் அது.

திருவிதாங்கூர் ராஜ குடும்பத்தார் 1930-களிலேயே இங்கே கடலோரம் மாளிகை கட்டிக்கொண்டார்கள். 1970-களில் வெளிநாட்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வர, மீனவர் கிராமம் உலகப் பிரசித்தமாகிவிட்டது. பக்கத்து விழிஞத்தில் 8-ம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயில் ஒன்று உண்டு. சின்னதுதான், ஆனால் அவசியம் பாருங்கள். அதே விழிஞத்தில்தான் 2025 மே மாதம் பெரிய துறைமுகத்தைப் பிரதமர் திறந்து வைத்தார்.

முதல் நாள் சாயங்காலம் கரையில் உட்கார்ந்து கடலையைக் கொறித்தபடி சூரிய அஸ்தமனம் பார்த்தோம். மீனவர்கள் இரண்டு வரிசையாக நின்று பாட்டுப்பாடி வலையை இழுத்ததை வேடிக்கை பார்த்தோம். காலை மட்டும் நனைத்துக்கொண்டு அறைக்குத் திரும்பினோம். வந்ததற்கு இதுவே போதும் என்றிருந்தது எனக்கு.

மறுநாள் காலை

வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. காற்றே இல்லை. ஆனாலும் அலை முந்தின நாளைவிட உயரமாக வந்து 'தொம் தொம்' என்று விழுந்தது. கரையில் சிவப்புக் கொடி ஒன்று நட்டிருந்தது. கேரளாவில் சிவப்புக் கொடிக்கா பஞ்சம்! ஏதோ கட்சிக் கொடி என்று நினைத்து, அதன் பக்கத்திலேயே பாயை விரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என்னவர் இளநீர் வாங்கப் போனார். பிள்ளைகள் மூவரும் தண்ணீரில் நின்றார்கள். ஓர் அலை வந்து என் மகனைப் புரட்டிவிட்டது. எனக்குப் பகீரென்றது. சுற்றிப் பார்த்தேன். பாறை ஓரமாக ஓரிடத்தில் அலையே இல்லை. பத்தடி அகலத்துக்குக் கொஞ்சம் கருத்த தண்ணீர், குளம் மாதிரி சாதுவாக இருந்தது.

"அங்கே போய் நில்லுங்கடா, அங்கே அலையே இல்லை!" என்று கையை நீட்டிக் காட்டினேன்.

ஆம் சகோதரிகளே, இடம் காட்டிக் கொடுத்தது நான்தான்.

கோபிதான் முதலில் ஓடினான். முழங்கால் அளவுதான் தண்ணீர். துண்டை உதறி மடித்துவிட்டு நிமிர்ந்தேன். இடுப்பளவில் நின்றான். "இந்தப் பக்கம் வாடா" என்று கூப்பிடுவதற்குள் தலை மட்டும் தெரிந்தது. அவன் கரையைப் பார்த்துத்தான் கை போட்டான். ஆனால் தூரம் போய்க்கொண்டே இருந்தான்! கத்தவில்லை, கை ஆட்டவில்லை. முகத்தைத் தூக்கி வாயைத் திறந்து திறந்து மூடினான். சினிமாவில் வருகிறாற்போல "காப்பாத்துங்க" என்று கத்துவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மூச்சுக்கே திணறுகிறவனுக்குக் கத்தக் குரல் ஏது?

புடவையோடு தண்ணீருக்குள் ஓடினேன். நாலடி வைப்பதற்குள் நனைந்த புடவை காலைச் சுற்றி என்னைக் கவிழ்த்தது. அதற்குள் விசில் சத்தம்! கடற்கரைக் காவலர் ஒருவர் ஆரஞ்சு நிற மிதவையை இழுத்துக்கொண்டு அதே கருத்த தண்ணீரில் பாய்ந்தார். அந்த இழுப்பிலேயே நேராகப் போய்ப் பையனைப் பிடித்தார். திரும்பி வரும்போது வந்த வழியில் வரவில்லை. பக்கவாட்டில் கொஞ்ச தூரம் போய், அலை விழுகிற இடமாகப் பார்த்துக் கரையேறினார். எல்லாமாக மூன்று, நாலு நிமிஷம் இருக்கும். எனக்கு அது ஒரு யுகம்.

பையன் இருமினான், வாந்தி எடுத்தான். கூட்டத்தில் ஓர் அம்மா, "தலைகீழாப் பிடிச்சு வயித்தை அமுக்குங்க, தண்ணி வெளியே வரட்டும்" என்றார். காவலர் வேகமாகத் தடுத்துவிட்டார். "அப்படிச் செஞ்சா வயித்துல இருக்கறது நுரையீரலுக்குப் போயிடும். மூச்சு நல்லா இருக்கு. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. ஆனா ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். நன்றி சொல்லத் திரும்பக் கடற்கரைக்குப் போனபோது அந்தக் காவலர் மலையாளம் கலந்த தமிழில் சொன்ன வார்த்தை என் காதிலேயே நிற்கிறது: "அம்மா, அலை அடிக்கிற இடம் கரைக்குத் தள்ளும். அலை அடிக்காத இடம் உள்ளே இழுக்கும்."

அது என்ன இழுப்பு?

முற்றத்தைக் கழுவும்போது வாளித் தண்ணீரை வீசுகிறோம். அது எங்கே பரவினாலும் கடைசியில் தண்ணீர் போகிற ஓட்டையைத் தேடித்தானே ஓடுகிறது? ஓட்டையருகே எவ்வளவு வேகம்! கடலிலும் அதே கதைதான். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பப் போக வேண்டும். மணலடியில் பள்ளமான இடம் இருந்தால் அதன் வழியே மொத்தமாக ஓடும். பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடைவதில்லை. அதனால்தான் அமைதியாக, கருப்பாகத் தெரிகிறது. இதை 'ரிப் கரண்ட்' என்கிறார்கள். பாறை ஓரங்களில் இது அடிக்கடி உண்டாகும். சில சமயம் விநாடிக்கு 2 மீட்டர் வேகம் கூட இருக்குமாம். எதிர்த்து நீந்தினால் நீச்சல் வீரர்களே களைத்துப் போவார்கள்.

இன்னொன்று, காற்றே இல்லாத நாளில் பெரிய அலை வருவது. ஆயிரக்கணக்கான மைல் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயல், நம் கரைக்கு அலையாக வந்து சேரும். முக்கியமாக ஏப்ரல், மே மாதங்களில். சொல்லாமல் கொள்ளாமல் வருவதால் கேரள மீனவர்கள் இதைக் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்! 2012-ல் யுனெஸ்கோவே இந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. செய்திகளிலும் வரும். பிள்ளைகளுக்கு லீவு விடுவதும் அதே மாதங்களில்தான் என்பதை மறக்காதீர்கள்.

கடலுக்குப் போகும் தாய்மார்களுக்கு...

* முதலில் கொடியைப் பாருங்கள். சிவப்பு என்றால் ஆபத்து, இறங்காதீர்கள். பாதி சிவப்பு, பாதி மஞ்சள் என்றால் அந்தக் கொடிகளுக்கு நடுவே காவலர் கண்காணிப்பு உண்டு. எங்கே இறங்கலாம் என்று காவலரிடமே கேளுங்கள். அவர் இல்லாத இடத்தில், இல்லாத நேரத்தில் இறங்க வேண்டாம்.

* ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கடல் முரட்டுக் கடல். போவதானால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது.

* அலை பெரிதாக விழும் இடத்திலும் வேண்டாம். அலைகளுக்கு நடுவே அமைதியாகத் தெரியும் இடத்தில் வேண்டவே வேண்டாம். அலை பலமாக இருந்தால் கரைதான் நம் இடம்.

* சின்னக் குழந்தைகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். ஒரு பெரியவருக்கு வேறு வேலையே கூடாது. செல்போன், துண்டு, சாப்பாட்டுக் கூடை எதையும் அவர் தொடக் கூடாது. நீந்தத் தெரிந்த பிள்ளையாயிற்றே என்று அசட்டையாக இருக்காதீர்கள். கோபி நீச்சல் கற்றவன்தான்.

* இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாதே, மிதந்துகொண்டே கையைத் தூக்கு, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்து என்று பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். அந்த இழுப்பு ஆளை அடியில் அமுக்காது, தூரத்துக்குத்தான் கொண்டுபோகும்.

* காப்பாற்றுகிறேன் என்று நாமே குதிக்கக் கூடாது. காவலரைக் கூப்பிடுங்கள்; மிதக்கிற பொருளை, காலி பிளாஸ்டிக் கேனையாவது, வீசுங்கள். புடவை, நீளப் பாவாடை, துப்பட்டாவோடு தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

* மூச்சு இல்லையென்றால் உடனே 108-க்கு ஆள் விட்டுவிட்டு, வாயோடு வாய் வைத்து ஊதி மூச்சுக் கொடுத்து, நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும். இதை ஒரு முறையாவது தெரிந்தவர்களிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். மூச்சு வந்துவிட்டாலும், இருமலோ இளைப்போ தூக்கக் கலக்கமோ இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நான் சொல்லாத சேதி

ஊர் திரும்பும்போது ரயிலில் பிள்ளைகளிடம், "யார்கிட்டயும் சொல்லாதீங்க, வீணாப் பயப்படுவாங்க" என்றேன். பயம் அவர்களுக்கில்லை, எனக்கு! நாத்தனார் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன், "உன் பிள்ளைக்கு அந்த இடத்தைக் காட்டினதே நான்தான்" என்று?

ஒரு வருஷம் போயிற்று. 2024 மே 6-ம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி டாக்டர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோய்விட்டது என்ற செய்தி வந்தது. கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த சமயம் அது. டாக்டருக்குப் படித்த பிள்ளைகள்! எத்தனை தாய்மார்களின் வயிறு எரிந்திருக்கும்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. விடிந்ததும் நாத்தனாருக்குப் போன் பண்ணி ஒன்றுவிடாமல் சொல்லி அழுதேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு, "எனக்குத் தெரியும் அண்ணி. வந்த அன்னிக்கு ராத்திரியே கோபி சொல்லிட்டான். நீங்களே சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்" என்றாள். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "என்கிட்ட சொன்னா என்ன ஆகப்போகுது? இனிமே போறவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள்.

அதனால்தான் இதை எழுதினேன். கோவளத்துக்குப் போங்கள், அழகான ஊர். விளக்கத்தின் மேல் ஏறுங்கள், அஸ்தமனம் பாருங்கள், சூடாகப் புட்டும் கடலையும் சாப்பிடுங்கள். ஆனால் பாயை விரிப்பதற்கு முன்னால் கொடியைப் பாருங்கள்.