போக எட்டு மணி நேரம், வர ஏழு: ஏன்?

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 5,550 கிலோமீட்டர். ஆனாலும் நியூயார்க் போக ஏறத்தாழ எட்டு மணி நேரம். திரும்ப ஏழு மணி நேரமே. பூமி சுழல்வதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பூமி சுழல்வது கிழக்கு நோக்கி. அப்படியானால் நியூயார்க்தானே விமானத்தை எதிர்கொண்டு வர வேண்டும், மேற்குப் பயணமல்லவா குறைய வேண்டும்? காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அந்தக் கணக்கு எடுபடாது. உண்மைக் காரணம், சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் ஜெட் காற்றோட்டம். வெப்பப் பகுதியிலிருந்து துருவம் நோக்கி நகரும் காற்றைக் கிழக்கே திருப்பிவிடுவதில் மட்டும் பூமியின் சுழற்சிக்குப் பங்கு உண்டு. 2020 பிப்ரவரியில், புயலால் வலுத்த இந்தக் காற்றைப் பிடித்து ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாமே என்றால், முடியாது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேக விமானம், 100 கிலோமீட்டர் வேகக் காற்று, 5,500 கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு ஐந்தரை மணி நேரம். எதிர்த்து ஆறு மணி 52 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் இரண்டு பயணமும் சேர்ந்து ஒன்பது நிமிடம் குறைந்திருக்கும். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் இழப்பே மிஞ்சுகிறது. அதனால்தான் மேற்கே போகும் விமானங்கள் இந்தக் காற்றை விட்டு ஒதுங்கிச் சுற்றுவழியில் பறப்பதுண்டு. தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம்.