சிரிச்சே சரி... எதுக்குச் சிரிச்சே?

ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போற பஸ்ஸில் காலேஜ் நேரத்துல ஏறியிருக்கீங்களா? கடைசி சீட்டில் ஒருத்தன் ஆரம்பிப்பான். டிரைவர் வரைக்கும் சிரிப்பு பரவிடும்! கண்ணை மூடியிருந்தாலும் அது சிரிப்புன்னு நமக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு?

தெரிய வைக்கலாம் பாஸ்! அமெரிக்க உளவியல் பேராசிரியர் ராபர்ட் புரோவைன் சிரிப்பை அளந்தே பார்த்தார். ஒவ்வொரு 'ஹா'வும் சுமார் 75 மில்லி செகண்ட். ஒரு 'ஹா' ஆரம்பிச்சு சுமார் 210 மில்லி செகண்டில் அடுத்த 'ஹா' ஆரம்பிக்கும். இந்தத் தாளம்தான் மெஷினுக்கு முதல் க்ளூ!

அடுத்த க்ளூ நம்ம நாட்டிலேயே கிடைச்சது. சென்னை ஐ.ஐ.டி-யில் பல வருஷம் இருந்த பேராசிரியர் யக்ஞநாராயணா, ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி-க்குப் போன பிறகு, 2009-ல் அவர் குழு குரல்நாண் அதிர்வைக் கவனித்தது. பேச்சைவிட சிரிப்பில் அந்த அதிர்வு படு வேகமா மாறும். அதை வைத்தே பேச்சுக்கு நடுவே வரும் சிரிப்பைப் பிரித்தார்கள்.

ஆனா, பஸ் இரைச்சலில் காது மட்டும் போதாதே? முகமும் வேணும். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் வெளியிட்ட 'மானாப்' தொகுப்புக்காக 22 பேருக்கு காமெடி வீடியோ காட்டி, குரலையும் முகத்தையும் சேர்த்துப் பதிவு பண்ணினாங்க. சிக்கியது 563 சிரிப்புகள்! 'சும்மா சிரிச்சுக் காட்டுங்க' என்று கேட்டு வாங்கிய 51 சிரிப்புகள் தனி.

ஆசையில் நானும் ஒரு புரோகிராம் எழுதினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா பொட்டலத்தைப் பிரிச்சு வெச்சு எங்க கேங் அடித்த அரட்டையை, ஆளுக்கொரு போனில் ரெக்கார்ட் பண்ணி ஓடவிட்டேன். ஓரிடத்தில் நாலு பேருக்குமே 'சிரிப்பு'ன்னு வந்தது. ரூம்மேட்டோட செமினார் இங்கிலீஷை நாங்க கலாய்ச்ச இடம் அது!

"பாரு மாப்ள, கரெக்டா புடிச்சிருச்சு!" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தவன், "அன்னிக்கு நான் சிரிக்கல மாப்ள. சிரிக்கலைன்னா இன்னும் ஓட்டுவீங்கன்னு சும்மா சத்தம் விட்டேன்" என்றான்.

சிரிப்பு பிறக்க தொல்காப்பியர் சொன்ன நாலு காரணங்களில் முதலாவதே எள்ளல்... அதாவது கேலி. என் புரோகிராமுக்கு அந்தப் பாடம் தெரியாது. சரி, அதுக்கு மூளை இல்லை. ரெண்டு வருஷமா ஒரே ரூமில் இருக்கிற எனக்கு?

அவன் பெயருக்கு நேரே இருந்த 'சிரிப்பு'வை அழிச்சிட்டேன். ஸாரியும் சொல்லிட்டேன்.

உங்க கேங்கிலும் யாராவது சும்மா சத்தம் விடுறாங்களா... ஒரு தடவை முகத்தைப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ்!