பழைய ஜீப்பில் புது இன்ஜின்: எதை மாற்றினால் எது உடையும்?

பழனி வட்டத்துக் கீரனூர் பக்கம் பழைய மஹிந்திரா ஜீப்பை இன்னும் வேலைக்கு வைத்திருப்பவர் அதனிடம் இரண்டு வேலை கேட்கிறார். கீழே, பழனிக்கும் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கும் லாரிகளுக்கு நடுவே தார்ச்சாலையில் ஓட வேண்டும். மேலே, தாண்டிக்குடி, பாச்சலூர் பக்கத்துத் தோட்டங்களுக்குள் கல்லும் சேறுமான தடத்தில் ஆளையும் உரத்தையும் ஏற்றிப் போய், காப்பியோ மிளகோ மலைவாழையோ இறக்கி வர வேண்டும். மலை வேலையை ஜீப் இன்றும் சளைக்காமல் செய்கிறது. சாலையில்தான் திணறல்: 70 கி.மீ. வேகத்தைத் தொடும்போதே இன்ஜின் அலறும். பின்னால் வரும் பஸ் ஹாரனை அழுத்திப் பிடிக்கும். "பேசாம இன்ஜினை மாத்திடலாமே" என்ற பேச்சு அப்போதுதான் ஆரம்பிக்கும்.

மாற்றலாமா, மாற்றினால் கூடவே எதையெல்லாம் மாற்ற வேண்டும், சட்டம் எதுவரை விடும் என்று யோசிக்காமல் பணத்தைக் கொட்டியவர்கள் நிறைய. இந்த வேலையில் இன்ஜினைப் பூட்டுவது சுலபமான பகுதி. அதற்குப் பின்னால் இருப்பவைதான் வண்டியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன.

இன்ஜின் மாறி மாறி வாழ்ந்த வண்டி

ஜீப்பில் வேறு இன்ஜினைப் பூட்டுவது ஏதோ புனிதத்தைக் கெடுக்கும் காரியம் என்று சிலர் பேசுவார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இரண்டாம் உலகப்போருக்காக 1941-இல் வில்லிஸ் நிறுவனம் செய்த ஜீப்பில் இருந்தது 2,199 சிசி பெட்ரோல் இன்ஜின், 60 குதிரைத்திறன். அதன் வால்வுகள் எல்லாம் பக்கவாட்டில், சிலிண்டருக்கு அருகில் நின்றன. பிறகு வந்த 'ஹரிக்கேன்' இன்ஜினில் உள்ளிழுக்கும் வால்வுகளை மேலே ஹெட்டுக்குள் ஏற்றினார்கள். திறன் கூடியது, இன்ஜினின் உயரமும் கூடியது. பழைய பானெட் மூடவில்லை. எனவே 1953-இல் வந்த சிஜே-3பி மாடலில் பானெட்டையே தூக்கிக் கட்டினார்கள். நம் ஊரில் பலரும் "ஒரிஜினல் ஜீப் முகம்" என்று நினைத்திருக்கும் அந்த உயர்ந்த நெற்றி, இன்ஜினை மாற்றியதால் வந்த நெற்றி.

1947-இல் பம்பாயில் பாகங்களாக இறக்கி ஜீப் பூட்டத் தொடங்கிய மஹிந்திராவும் அதே வழியில்தான் நடந்தது. வில்லிஸ் பெட்ரோல் இன்ஜினுக்குப் பிறகு, டிராக்டர் வம்சத்தில் வந்த இன்டர்நேஷனல் டீசல். அதன் பிறகு எம்எம் 540-இல் பிரான்சின் பெஜோ நிறுவனத்து எக்ஸ்டிபி 4.90. நான்கு சிலிண்டர், 90 மி.மீ. போர் என்பதைத்தான் அந்த 4.90 குறிக்கிறது, 2,112 சிசி. அடுத்து, இன்றைக்கும் பட்டறைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் 2,523 சிசி டிஐ. 2010-இல் வந்த தார் சிஆர்டிஇ-யில் 105 குதிரைத்திறன், 247 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. உருவம் பழைய ஜீப். உள்ளே காமன் ரெயில் டீசல்.

அந்தத் தாரை நான் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. மஹிந்திரா பழைய உருவத்துக்குள் புது இன்ஜினை மட்டும் இறக்கிவிட்டுப் போகவில்லை. ஐந்து கியர் பாக்ஸ், புது ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன்பக்கம் பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் எல்லாம் சேர்ந்து வந்தன. சாலையோரப் பட்டறையில் நடக்கும் மாற்றத்தில் விடுபட்டுப் போவது இந்தப் பட்டியல்தான்.

வேகம் எங்கே ஒளிந்திருக்கிறது?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சிஜே-3பி-யின் ஆக்சில் ஹவுசிங்கில் இருக்கும் கிரவுன்-பினியன் விகிதம் 5.38. கப்ளிங் ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். பழைய மூன்று கியர் பாக்ஸில் டாப் கியர் நேரடி, ஒன்றுக்கு ஒன்று. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது வண்டியின் வேகம் மணிக்குச் சுமார் 74 கி.மீ.

இதே வண்டியில் எவ்வளவு விலையுயர்ந்த இன்ஜினைப் பூட்டினாலும், 3,000 சுற்றில் அதே 74 கி.மீ.தான் வரும். ஏற்றத்தில் திணறாது, ஆள் ஏறினால் அசராது, சரி. சமவெளியில் அலறுவது மட்டும் நிற்காது. இன்னும் சொல்லப்போனால் 4,000 சுற்று வரை போகும் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, மெதுவாகச் சுழலும் பழைய டீசலைப் பூட்டினால் வண்டியின் உச்ச வேகம் குறைந்துவிடும். குதிரைத்திறன் என்ற ஒரு எண்ணை வைத்தே இன்ஜின் தேடுபவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

சரி, ஹவுசிங்கை மாற்றி 4.27 விகிதத்துக்குப் போனால்? 3,000 சுற்றில் 93 கி.மீ. கிடைக்கும். ஆனால் அதற்கான விலையை மலை வாங்கிக்கொள்ளும். பழைய பாக்ஸின் முதல் கியர் 2.798, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.46, ஹவுசிங் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37 வரும். 1,000 சுற்றில் வண்டி மணிக்கு மூன்றரை கி.மீ. நகரும், ஆள் நிதானமாக நடக்கும் வேகம். ஈரக்கல்லில் இறங்கும்போது பிரேக்கில் கால் வைக்காமல் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்வது இந்த 37-இன் தயவு. 4.27 போட்டால் அது 29 ஆகிவிடும். தோட்டத்துத் தடத்தில் அந்த வித்தியாசம் முதல் இறக்கத்திலேயே காலுக்குத் தெரியும்.

ஐந்து கியர் பாக்ஸ் இரண்டு பக்கத்தையும் காப்பாற்றுகிறது. முதல் கியர் 3.8, ஐந்தாம் கியர் 0.8 உள்ள ஒரு பாக்ஸை எடுத்துக்கொள்வோம். ஹவுசிங் பழைய 5.38 ஆகவே இருக்கட்டும். லோவில் முதல் கியரின் பெருக்கம் 50 ஆகிறது. முன்னைவிட மெதுவாக, முன்னைவிட பலமாக ஏறும். ஐந்தாம் கியரில் 3,000 சுற்றுக்கு 92 கி.மீ. இன்ஜினிடம் எதிர்பார்த்ததைக் கியர்பாக்ஸ் கொடுத்துவிட்டது. பழைய இன்ஜினை முழுதாகப் பிரித்துச் சரிசெய்து, நல்ல ஐந்து கியர் பாக்ஸைச் சேர்த்தாலே பலருடைய குறை தீர்ந்துவிடும் என்று நான் அழுத்திச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

புது இன்ஜினும் வேண்டும், புது பாக்ஸும் வேண்டும் என்றால் அடுத்த கணக்கு வருகிறது. பழைய ஹரிக்கேன் இன்ஜினின் முறுக்குவிசை சுமார் 155 நியூட்டன் மீட்டர். அதை 37-ஆல் பெருக்கிய பலத்தைத் தாங்கப் பழகியது அந்த ஆக்சில். தார் சிஆர்டிஇ-யின் 247-ஐ 50-ஆல் பெருக்கினால் இரண்டு மடங்குக்கு மேல். லோ கியரில், கல்லில் சிக்கிய சக்கரத்தில், ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தால் முதலில் கப்ளிங் ஷாஃப்ட்டின் கிராஸ் உடையும், இல்லாவிட்டால் ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். உடைவது பெரும்பாலும் ஆளில்லாத வளைவில்.

பட்டறைக்குள் நடக்க வேண்டியவை

ஒரு நிறுவனத்தின் இன்ஜினை வேறொரு நிறுவனத்தின் கியர்பாக்ஸோடு சேர்க்க நடுவில் லேத்தில் கடைந்த அடாப்டர் பிளேட் வேண்டும். போல்ட் துளைகள் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். இன்ஜினின் கிராங்க் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அதை அளக்க ஃப்ளைவீலின் மேல் டயல் கேஜைக் காந்தத்தில் நிறுத்தி, அதன் முனை பெல் ஹவுசிங்கின் வட்ட விளிம்பைத் தொடும்படி வைத்து, கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றுவார்கள். முள் எவ்வளவு ஆடுகிறது என்பதே தீர்ப்பு. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு விலகினாலும், கிளட்ச் விடும்போது வண்டி நடுங்கும். பைலட் பேரிங்கும் பாக்ஸின் முன் பேரிங்கும் சீக்கிரமே ஊளையிடும். பேரிங்கை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது "டயல் கேஜ் வச்சு மையம் பாப்பீங்களா அண்ணே?" என்று கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து ஆயில் சம்ப். ஜீப்பில் இன்ஜின் கிட்டத்தட்ட முன் ஆக்சிலுக்கு மேலேயே உட்காருகிறது. டிஃபரன்ஷியல் வலப்பக்கம் ஒதுங்கி இருக்கும். பள்ளத்தில் பட்டை ஸ்பிரிங் அமுங்கும்போது ஆக்சில் மேலே வந்து சம்ப்பை இடிக்கக் கூடாது. நிறுத்திவைத்த வண்டியில் இடைவெளி தாராளமாகத் தெரியும், அது ஏமாற்று. சம்ப்புக்கு அடியில் களிமண் உருண்டையை ஒட்டி, முன்பக்கத்தைப் பாரம் ஏற்றி முழுக்க அமுக்கி எடுத்து, மண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

சிஆர்டிஇ போன்ற புது டீசல் என்றால் டேங்கிலிருந்து தொடங்க வேண்டும். பழைய தகர டேங்கின் உட்புறம் துரு உதிரும். பழைய இன்ஜெக்‌ஷன் பம்ப் அதை ஓரளவு பொறுத்துக்கொண்டது. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் துளையோ மிக நுண்ணியது. டேங்கை மாற்றாமல் இன்ஜினை மட்டும் மாற்றினால் இன்ஜெக்டருக்கு ஆகும் செலவு டேங்கின் விலையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். வயரிங்கும் அப்படித்தான். கோவையிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ விபத்து வண்டியின் இன்ஜினை வாங்குபவர், அதே வண்டியின் இசியு (இன்ஜினை ஆளும் கணினி), முழு வயரிங், ஆக்சிலரேட்டர் பெடல், சாவி எல்லாவற்றையும் சேர்த்து வாங்க வேண்டும். சாவியில் உள்ள சிப்பை இசியு அடையாளம் காணாவிட்டால் இன்ஜின் உயிர் பெறாது.

பிரேக் விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. 70 கி.மீ.க்கு மேல் போகாத வண்டிக்கு அது போதுமாக இருந்தது. 92-இல் போகும் வண்டிக்குப் போதாது. கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் 64 கி.மீ. மலைச்சாலையில் டிரம் சூடேறிப் பிடிப்பை இழக்கும். முன்பக்கம் டிஸ்க்கும் பூஸ்டரும் அவசியம். டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜினைப் போலத் தானாக வெற்றிடம் தராது; பூஸ்டருக்குத் தனி வேக்கூம் பம்ப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆர்.சி. புத்தகம் என்ன சொல்கிறது?

இனி வருவது பலருக்குக் கசக்கும். ஆர்.சி.யில் சேசிஸ் எண், இன்ஜின் எண், சிசி, சிலிண்டர் எண்ணிக்கை, எரிபொருள் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து இவை மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு இதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகவே உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவு, விதியை மீறி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

பழுதான இன்ஜினுக்குப் பதிலாக அதே நிறுவனத்தின் அதே வகை இன்ஜினைப் பொருத்தி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து எண்ணைத் திருத்திக்கொள்ளும் வழி இருக்கிறது. சிஎன்ஜி, பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு, ஒப்புதல் பெற்ற மாற்று கிட் மூலம் போகவும் 52-ஆவது பிரிவே இடம் தருகிறது. பெஜோ டீசலைக் கழற்றிவிட்டு வேறொரு நிறுவனத்தின் பெரிய டீசலைப் பூட்டுவது இந்த இரண்டிலும் அடங்காது.

"என் தோட்டத்துக்குள் மட்டும்தானே ஓட்டுகிறேன்" என்ற சமாதானமும் செல்லாது. பதிவைக் கட்டாயமாக்கும் 39-ஆவது பிரிவு பொது இடத்தோடு "வேறெந்த இடத்தையும்" சேர்த்தே சொல்கிறது. விண்டேஜ் பதிவும் உதவாது. 2021-இல் வந்த விதிகள் 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அந்தச் சலுகையைத் தந்தாலும், சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. 15 ஆண்டு கடந்த வண்டியின் பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது ஆய்வாளர் குனிந்து இன்ஜின் எண்ணைப் பார்ப்பார். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் பார்க்கும்.

சட்டம் இவ்வளவு இறுக்கமாக இருப்பது சரிதானா? பிரேக்கை மாற்றாமல் இன்ஜினை மட்டும் மாற்றிய வண்டிகள் மலைச்சாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடும்வரை சரிதான் என்பேன். அதே சமயம், முழு வேலையையும் ஒழுங்காகச் செய்து தகுதிச் சோதனைக்கு வண்டியை நிறுத்தத் தயாராக இருப்பவருக்கும் ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும். இன்றைக்கு அந்த வாசல் இல்லை. எனவே கீரனூர்க்காரருக்கு என் யோசனை இது: எம்எம் 540 வைத்திருந்தால் பெஜோ இன்ஜினையே போர் போட்டு, ஹெட் வேலை பார்த்துப் புதுப்பியுங்கள்; பிளாக்கே வெடித்துப் போயிருந்தால் அதே வகை இன்ஜினைத் தேடுங்கள். மிச்சப் பணத்தை ஐந்து கியர் பாக்ஸிலும் பிரேக்கிலும் போடுங்கள். கியர்பாக்ஸ் ஆர்.சி.யில் பதிவாகும் விவரம் இல்லை. ஆனாலும் வேலை தொடங்கும் முன் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுவிடுங்கள். இன்ஜின் வாங்கும் நாளில், பிளாக்கில் பொறித்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து, அந்த எண் அப்படியே பில்லில் ஏறியிருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். எண் ராவப்பட்ட இன்ஜின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்; அது யாரோ ஒருவரிடம் திருடிய வண்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம், பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாக இருப்பீர்கள்.