ஆர். கே. லட்சுமண்

ராசிபுரம் கிருஷ்ணசுவாமி லட்சுமண் (அக்டோபர் 24, 1921 – ஜனவரி 26, 2015) இந்தியாவின் புகழ்பெற்ற அரசியல் கேலிச்சித்திர ஓவியர் ஆவார். ஓவியப் பள்ளி எதிலும் பயிலாமல் தாமாகவே வரையக் கற்றவர். டைம்ஸ் ஆப் இந்தியா நாளிதழில் இவர் படைத்த 'சாமானியன்' என்னும் பாத்திரத்தால் பெரிதும் அறியப்படுகிறார். எழுத்தாளர் ஆர். கே. நாராயண் இவருடைய தமையனார்.

இளமைக்காலம்

லட்சுமண் மைசூரில் ஒரு தலைமையாசிரியரின் கடைசி மகனாகப் பிறந்தார். படிக்கத் தெரியும் முன்பே ஆங்கில இதழ்களின் படங்களைப் பார்த்துப் பழகிய இவர், வீட்டின் தரையிலும் சுவர்களிலும் வரைந்து வந்தார். பள்ளியில் இவர் வரைந்த அரச இலையை ஆசிரியர் பாராட்டியது, ஓவியராகும் எண்ணத்தை இவருள் வளர்த்தது. பிரித்தானியக் கேலிச்சித்திர ஓவியர் டேவிட் லோவின் படங்கள் இவரை மிகவும் கவர்ந்தன. லோவின் கையொப்பத்தை, பசுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்றே இவர் நெடுநாள் படித்து வந்தார்.

பள்ளிப் படிப்புக்குப் பின் மும்பை ஜே. ஜே. ஓவியப் பள்ளியில் சேர விண்ணப்பித்தார். அங்கு சேர்வதற்குரிய திறமை இவருடைய படங்களில் இல்லை எனக் கூறி இடம் மறுக்கப்பட்டது. பின்னர் மைசூர் மகாராஜா கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார்.

இதழியல் பணி

மாணவராக இருந்தபோதே, தி இந்து நாளிதழில் வெளிவந்த நாராயணின் கதைகளுக்குப் படம் வரைந்தார். கொரவஞ்சி என்ற கன்னட நகைச்சுவை இதழிலும் வரைந்தார். சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் சில காலம் பணியாற்றினார். மும்பையில் ஃப்ரீ பிரஸ் ஜர்னல் நாளிதழில் முழுநேரக் கேலிச்சித்திர ஓவியரானார். அங்கு இவருடன் பணியாற்றியவர்களுள் பால் தாக்கரேயும் ஒருவர். பின்னர் டைம்ஸ் ஆப் இந்தியாவில் சேர்ந்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதில் வரைந்தார்.

சாமானியன்

1951 இல் 'யூ செட் இட்' என்ற தலைப்பில் இவருடைய ஒற்றைக் கட்டக் கேலிச்சித்திரங்கள் வெளிவரத் தொடங்கின. முதலில் பல மாநில மக்களையும் காட்டும் வகையில் பலரை வரைந்து வந்தார். நாள்தோறும் குறித்த நேரத்திற்குள் படத்தை முடிக்க வேண்டியிருந்ததால், அவர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்தார். இறுதியில் எஞ்சியவரே சாமானியன். வேட்டி, கட்டம் போட்ட கோட்டு, மூக்குக்கண்ணாடி ஆகியவை இவருடைய அடையாளங்கள்.

சாமானியன் பேசுவதில்லை. அமைச்சர்களின் வாக்குறுதிகள், விலைவாசி உயர்வு, ஊழல், அலுவலகத் தாமதம் என எல்லாவற்றுக்கும் மௌன சாட்சியாக நிற்பார். பேசுவோர் அதிகாரம் உடையவர்கள். விளைவுகளைச் சுமப்பவர் அவர். அந்த மௌனத்தில் வாசகர்கள் தங்கள் நிலையையே கண்டனர். விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் குடிமகனுக்கும் அரசுக்கும் இடையே இருந்த தொலைவை இப்பாத்திரம் நாள்தோறும் பதிவு செய்தது.

1988 இல், டைம்ஸ் ஆப் இந்தியாவின் 150 ஆம் ஆண்டையொட்டி சாமானியன் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. புனே சிம்பயாசிஸ் கல்வி நிறுவன வளாகத்தில் இப்பாத்திரத்துக்கு வெண்கலச் சிலை உள்ளது.

பிற படைப்புகள்

ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனத்தின் அடையாளமான 'கட்டு' என்னும் சிறுவனை 1954 இல் உருவாக்கினார். மால்குடி டேஸ் தொலைக்காட்சித் தொடருக்குப் படங்கள் வரைந்தார். காகங்களை வரைவதில் தனி ஈடுபாடு கொண்டிருந்தார். தி டனல் ஆப் டைம் இவருடைய தன்வரலாற்று நூலாகும்.

குடும்பம்

நடனக் கலைஞரும் திரைப்பட நடிகையுமான குமாரி கமலாவை மணந்து பின்னர் மணவிலக்குப் பெற்றார். இரண்டாவது மனைவியின் பெயரும் கமலா. அவர் சிறுவர் நூல்களை எழுதியவர்.

விருதுகள்

* பத்ம பூசண் – 1973
* ரமோன் மக்சேசே விருது – 1984
* பத்ம விபூசண் – 2005

மறைவு

2003 இல் ஏற்பட்ட பக்கவாதத்தால் இவருடைய உடலின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டது. 2015 ஆம் ஆண்டு குடியரசு நாளன்று, தமது 93 ஆவது வயதில் புனேயில் காலமானார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது.